சோப்புத்தூளின் நீலம்

புற ஊதா விளக்கின் கீழ் அந்தத் தண்ணீர் நீலமாக ஒளிர்ந்தது. எங்கள் அடையாறு ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் அக்கா, "ஐய, இன்னா ஷோக்கா கீது!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எலுமிச்சைச் சாற்றைச் சூடாக்கி நான் செய்த நுண்ணிய கரித்துகள்கள் அதில் கலந்திருந்தன. தண்ணீரில் கெட்ட உலோகம் இருந்தால் அவற்றின் ஒளி மங்கிவிடும். இங்கே மங்கவில்லை. எனக்கு முனைவர் பட்டத்தின் கடைசி வருடம். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? "நல்ல தண்ணிக்கா, தைரியமா குடிங்க" என்றேன்.

ஆற்றங்கரையில் இருந்த அக்கா குடும்பத்தைப் பெருங்குடிக்கு அப்பால் ஓர் அடுக்குமாடிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர்தான். மகள் வேறு மாசமாக இருந்தாள். "கேன் தண்ணி வாங்கி மாளல பாப்பா. அவளுக்கு இத குடுக்கலாமான்னு பாத்துச் சொல்லு" என்றுதான் ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.

நான்கு நாள் கழித்து, மிச்சத் தண்ணீரைக் கரித்துகள் சேர்க்காமலே விளக்கடியில் வைத்தேன். அதுவும் ஒளிர்ந்தது! பாட்டிலை எப்படிக் கழுவினீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். "லேபுக்கு எட்த்தாறோமேன்னு சோப்புத்தூள் போட்டு நல்லா தேச்சேன். அன்னிக்கு தண்ணி சரியா வர்ல, ஒருக்காதான் அலசினேன்" என்றார். துணி பளிச்சென்று தெரிவதற்காக அந்தத் தூளில் கலக்கும் சரக்கும் இதே நீலத்தில்தான் ஒளிரும். வெறும் தண்ணீரை முதலில் பார்த்துவிடுவது இந்த வேலையின் அரிச்சுவடி. நான் பார்க்கவில்லை. சுத்தமான பாட்டில் கொடுத்துப் புதிதாக எடுத்துவரச் சொன்னேன். இம்முறை கரித்துகள்களின் ஒளி அடியோடு அணைந்துபோனது.

அன்று மாலையே அவரோடு போனேன். என் பேச்சை நம்பி, மகள் மட்டுமல்ல, அந்த மாடியில் எல்லா வீட்டிலும் அதையே குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முதல் கதவைத் தட்டிவிட்டார்.

"அந்தத் தண்ணிய குடிக்காதீங்க. நான் பாட்டில ஒழுங்கா அலசாம குட்த்துட்டேன். பாப்பா மேல தப்பு இல்ல."

"கொயந்தைக்குக் குட்த்துக்கினு கீறேன், அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினாள் ஒருத்தி. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எட்டு வீட்டிலும் அதையே சொன்னார், எட்டு வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் பின்னாலேயே நின்றேன். வெட்கங்கெட்டவள்.

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவமாகி, பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போன வாரம் அக்காவைப் போனில் அழைத்து, அன்று ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"உன்ன திட்டுனாங்கன்னா நீ மறுக்கா அங்க வரமாட்டேன்னு பயந்தேன் பாப்பா. அப்பால எங்க தண்ணிய யாரு பாக்குறது?"

என்னை யாருமே திட்டவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.