லிட்டருக்குப் பதினொன்று

என் கணவர் இறந்த அன்று எங்கள் கார் கடலூரில், அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தது. காலை பத்தே முக்காலுக்கு நாற்காலியில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவரை ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு, கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள், அவருடன் வேலை பார்த்த ஒருவர் காரை ஓட்டிவந்து சாவியை என்னிடம் கொடுத்தார்.

"டேங்க்கு பாதி இருக்குதுங்க" என்றார். வேறென்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"சரிங்க" என்றேன்.

அது தை மாதம். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அழவில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. எப்போது உடைவேன் என்று சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் என் வேலைக்குத் திரும்பினேன். பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் ஸ்டோர் என் பொறுப்பு.

கார் சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று மாடியில் குடியிருந்தவர் சொன்னார். அதனால் காரிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுத்துக்கொடுத்தது என் கணவர்தான். ஆனால் அதுவரை நான் பெரிய மார்க்கெட்டைத் தாண்டி ஓட்டியதில்லை. வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

பெட்ரோல் போடுவதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. டேங்க்கை வாய்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவார். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை லிட்டரால் வகுப்பார். ராத்திரி சாப்பிட உட்காரும்போது, "பதினெட்டு குடுத்துச்சு" என்பார். நான் "ம்" என்பேன். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த எண்ணைப் பற்றித்தானோ என்றுகூடச் சில நேரம் தோன்றும்.

நானும் வகுத்துப் பார்த்தேன். பதினொன்று வந்தது. அடுத்த மாதமும் பதினொன்று. அதற்கடுத்த மாதம் பத்தே முக்கால்.

அந்த வருடம் என்னை உறுத்திய ஒரே விஷயம் அதுதான். கம்பெனியில் ஒரு மெஷின் தீப்பிடித்தது. மற்றவர்களோடு வெளியே போய் நின்றேன், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது; போய் இருந்துவிட்டு வந்தேன். ஆனால் பெட்ரோல் பங்க்கில் பதினொன்று என்று வரும்போது மட்டும் நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்றது. அவருக்கு ஓடிய வண்டி எனக்கு ஓட மறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருமுனை மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார், டயரில் காற்று பார்த்தார். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

முதலாண்டுப் பூசைக்கு என் கணவரின் தம்பி வந்தார். பிரான்சின் கிழக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் வேலை. அண்ணன் சாவுக்கு அவரால் வர முடியவில்லை. வந்த மறுநாளே காரைத் திறந்து பார்த்தார். சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"அண்ணி, உயில் மாத்தணும்" என்றார்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த குடித்தனக்காரர் அப்படியே நின்றுவிட்டார். ஆயிலுக்கு பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள் என்று கொழுந்தனார் விளக்கிய பிறகும் அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

"எங்க ஊர்ல இப்போ மைனஸ் எட்டு. சாதா ஆயில் தேன் மாதிரி கெட்டியாயிடும். அது எளகி எளகி ஓடி எல்லா இடத்துக்கும் போறவரைக்கும் வண்டி பெட்ரோல சும்மா குடிக்கும். சிந்தெட்டிக் போட்டா அந்தக் குளிர்லயும் தண்ணியாட்டம் ஓடும். குளிர்காலத்துல அதான் மைலேஜக் காப்பாத்தும்."

"இங்க ஏது தம்பி குளிரு?"

"இருந்தாலும் போட்டுப் பாப்போம்."

கடையில் ஒரு கேன் சிந்தெட்டிக் ஆயில் வாங்கிவந்து, மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றச் சொன்னார். பத்து நாள் கழித்து நிரப்பினேன். பதினொன்றே கால்.

கொழுந்தனாரின் முகம் தொங்கிப்போனது. இருவருமாக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, சார் டெய்லி எங்க போவாரு?"

"கடலூர்."

"நீங்க?"

"மேட்டுப்பாளையம்."

"அவ்ளோதாங்க்கா விஷயம். இஞ்சின் நல்லா சூடாவணும்னா தொண்ணூறு டிகிரியாவது வேணும். நம்மூர்ல காலைல இருவது, இருவத்திரெண்டு. நமக்குக் குளிரல, அதுக்குக் குளிருது. அது சூடாவறதுக்குள்ள நீங்க கம்பெனிக்குப் போய் ஆஃப் பண்ணிடறீங்க. சாயங்காலம் மறுபடியும் பச்சையா ஆரம்பிக்குது. எந்த ஆயில ஊத்தினாலும் இதுக்கு மேல பெருசா ஏறாது." பிறகு ஏதோ யோசித்தவராய், "காலைல ஸ்டார்ட் பண்ணி எவ்ளோ நேரம் ஓட விடறீங்க?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை, யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். கொழுந்தனார் கையில் கடிகாரத்தோடு நின்றார். கண்ணாடியை இறக்கினேன்.

"இருவது நிமிஷம் ஆவுது அண்ணி."

எனக்கு விளங்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் இருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கேட் திறந்திருந்தது. சாப்பாட்டுப் பை மடியிலேயே இருந்தது.

"வந்த நாள்லருந்து பாக்குறேன். எங்க ஊர் மாதிரி சூடு பண்றீங்கன்னு நெனச்சேன். நேத்து ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அது இரண்டு நிமிஷம்தான். சாவியைத் திருகுவேன், பிறகு கிளம்புவேன். நடுவில் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. ஒரு வருடமாகத் தினமும் காலையில் இருபது நிமிஷம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அவர் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணன் போன சேதி வந்தப்ப நான் கார் கண்ணாடில ஐஸ் சுரண்டிக்கிட்டு இருந்தேன். இஞ்சின் ஓடுது. ஃபோன வச்சிட்டு உள்ள போய் உக்காந்தேன். டிப்போவுக்குப் போகணும்னு நெனப்பு. எதிர்வீட்டு கெழவி வந்து கதவத் தட்டுறா. ஒன்றரை மணி நேரமா பொகை வருதே, ஒடம்பு சரியில்லையான்னு கேக்குறா. எனக்கு அப்பதான் உக்காந்தாப்ல இருக்குது."

அவர் அழுதார். சத்தமில்லாமல், நேரே பார்த்தபடி. அவர் தோளில் கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வைத்தேன். எனக்கு எதுவும் வரவில்லை. மணி எட்டேகால் ஆகியிருந்தது. கம்பெனிக்கு லேட் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். "போலாம் அண்ணி, நான் வேணா ஓட்டுறேன்" என்றார். நானே ஓட்டினேன்.

அதன் பிறகு, சாவியைத் திருகியதும் ஒன்றிலிருந்து முப்பதுவரை எண்ணிவிட்டுக் கியர் போடப் பழகினேன். எண்ணாவிட்டால் மறுபடியும் உட்கார்ந்துவிடுவேனோ என்று பயம். அடுத்த முறை நிரப்பியபோது பதிமூன்றரை வந்தது. மெக்கானிக் சந்தோஷப்பட்டார். "மிச்சத்துக்கு நீண்ட ஓட்டம் வேணுங்க்கா. ஒருநாள் கடலூர் வரைக்கும் போய்ட்டு வாங்க, வண்டி மேல தப்பில்லன்னு உங்களுக்கே தெரியும்."

கொழுந்தனார் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் இருவரும் கிளம்பினோம். டேங்க்கை நிரப்பிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். அரியாங்குப்பம் தாண்டும் வரை ஒரே நெரிசல். பிறகு சாலை நீண்டு கிடந்தது. வண்டி சத்தம் குறைந்து மெதுவாக முனகிக்கொண்டு போயிற்று. இப்படி ஒரு சத்தம் அதற்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. கடலூரில் அவருடைய அலுவலகம் பூட்டியிருந்தது. தெருவில் நின்றபடியே பார்த்தோம். கொழுந்தனார் சிலுவை போட்டுக்கொண்டார். எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டோம். நான் ஆறு சாப்பிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பும்போது அவர் தூங்கிவிட்டார். வந்ததிலிருந்து ராத்திரியில் சரியாகத் தூங்காதவர். வாய் திறந்திருந்தது, தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடித்தது. வேகத்தடைகளில் பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்தினேன். ஒரு பஸ் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓரம் கட்டி வழி விட்டேன். வெயில் அவர் முகத்தில் விழுந்தபோது, ஒரு கையால் என் துப்பட்டாவை எடுத்துக் கண்ணாடியின் மேல்விளிம்பில் செருகினேன்.

பங்க்கில் நிரப்பும்போதும் அவர் எழவில்லை. ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், மூன்று லிட்டர். வாசலில் இஞ்சினை நிறுத்தியதும் விழித்துக்கொண்டார்.

"எவ்ளோ குடுத்துச்சு?"

"பதினேழரைக்கு மேல."

"பரவால்லியே" என்று கண்ணைக் கசக்கியபடி இறங்கி, உள்ளே போய்ப் பாயை விரித்து மறுபடியும் படுத்துக்கொண்டார். நான் உலை வைக்கப் போனேன்.