சிவப்பு மூக்கு

அச்சுக்கூடத்து மாடியில் படங்களுக்கு வண்ணம் பூசிய பெண்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாருக்கு எந்த வண்ணமோ அதுதான் பெயர். நீலம் வானத்தைப் பூசித் தள்ளுவாள், பச்சை கதவு ஜன்னலை முடிப்பாள், கடைசியில் சிவப்பு. உதடு, கன்னம், ரத்தம் எல்லாம் அவள் பாடு.

அன்று வந்த படத்தில் பெரிய துணிக்கடை வாசல். மூட்டையோடு ஒரு கூலியாள் படியில் மல்லாந்து கிடக்கிறான். சீமாட்டிகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். அவன் தொப்பியை நாய் கவ்விக்கொண்டு ஓடுகிறது. சட்டை முழங்கையில் இருந்த ஒட்டுத்துணியைப் பார்த்ததும் சிவப்பு படத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். அந்த ஒட்டுத்துணியைத் தைத்தவளே அவள்தான்.

அந்தப் படியில் விழுந்து இடுப்பொடிந்த அவள் புருஷன் வீட்டில் கிடந்தான். படியில் எண்ணெய் சிந்தியிருந்தது கடை முதலாளிக்கும் தெரியும். நிமிர்ந்து உட்கார முடிந்தால் வாசல் காவலுக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி அவன் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரப் பழகினான்.

வண்ணம் பூசிய மாதிரிப் படம் ஒன்றை மேஸ்திரி நீட்டினான். கூலியாள் மூக்கு செக்கச்செவேல் என்றிருந்தது.

"மூக்கு எதுக்குண்ணே சிவப்பு?"

"குடிச்சிட்டு விழுந்தாத்தான் சிரிப்பு. சும்மா விழுந்தா எவன் வாங்குவான்?"

"இவரு குடிக்கவே மாட்டாருண்ணே. என் வீட்டுக்காரரு."

"அட! அப்ப உனக்குச் சொல்லித் தரவே வேணாம், பூசு."

மேசையே சிரித்தது, நீலமும் பச்சையும் சேர்ந்துதான். முதல் கட்டுப் படங்களில் மூக்கை வெறுமனே விட்டாள். மேஸ்திரி கட்டோடு அவள் மடியில் எறிந்தான். "பூசு, இல்ல எந்திரிச்சுப் போ." வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் ஒருத்தி கூலியில். பூசினாள்.

படம் பிய்த்துக்கொண்டு போனது. கடை முதலாளியே ஒன்றை வாங்கிக் கண்ணாடி ஜன்னலில் மாட்டினார். இதை எந்த வாயால் புருஷனிடம் சொல்வாள்? ஒரு காலையில் அவன் சவரம் செய்து, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க."

"உக்காந்து காட்டணும்ல?"

அவள் தோளைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்துப் போய், கடைப் படியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூட்டம் ஜன்னலைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, விழுந்து விழுந்து சிரித்தது.

முதலாளி வெளியே வந்தார். "குடிகாரனைக் காவலுக்கு வச்சா என் கடைய யாருப்பா மதிப்பா? ஊரே பாத்துச்சு."

அவன் எட்டிப் படத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"நீ பூசினதா?"

"ஆமாங்க."

"கோடு தாண்டாம பூசியிருக்கே."

அதற்கும் கூட்டம் சிரித்தது. அன்றைக்குப் படுத்தவன் மறுபடி உட்கார முயலவேயில்லை. படம் இரண்டாம் பதிப்பு போட்டார்கள். மூக்குகளை அவள்தான் பூசினாள்.