கோல்ஃப் மட்டைக்கு வைத்த பொட்டு

பலெர்மோவில் நான் வேலைக்கு நின்ற வீட்டில் எனக்கென்று தந்த அறையில் ஏற்கெனவே பலர் குடியிருந்தார்கள். இரண்டு சோடி பனிச்சறுக்குப் பலகைகள் சுவரோடு சாய்ந்து நின்றன. ஒரு பந்தயச் சைக்கிள் கொளுக்கியில் தொங்கியது. தூண்டில்கள் ஏழு, டென்னிஸ் மட்டைகள் மூன்று, ஒரு கூடாரம், இடுப்புவரை ஏறுகிற ரப்பர் சப்பாத்து ஒரு சோடி, நெஞ்சுயரத்துக்கு ஒரு கோல்ஃப் பை. இவ்வளவும் போக மிஞ்சிய இடம் என் மடிப்புக் கட்டிலுக்கு. கட்டிலை விரித்தால் கதவு பாதிதான் திறக்கும்.

அத்தனையும் ஒரே ஒருவருடைய சாமான். அவர் ஓர் அமெரிக்கர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில், புதுப்பித்த பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியைத் தனியாக வாடகைக்கு எடுத்திருந்தார். என்ன வேலை செய்தார் என்று கேட்டால், எனக்குத் தெரிய ஒரு வேலையும் இல்லை. தகப்பன் எதையோ உழைத்து வைத்துவிட்டுச் செத்திருக்க வேண்டும். மகன் ஐரோப்பா முழுக்க விளையாடித் திரிந்தார். தை, மாசி என்றால் ஒஸ்திரியாவில் பனிச்சறுக்கு. பிறகு அயர்லாந்தில் மீன், பிரான்சில் சைக்கிள், ஸ்பெயினில் மாடுகளுக்கு முன்னால் ஓட்டம், போர்த்துக்கலில் கோல்ஃப். நடுவில் மூன்று நாள் நான்கு நாள் பலெர்மோவுக்கு வருவார். மூன்று மாடியும் நான்தான் பை சுமப்பேன். அவர் சோபாவில் விழுந்து, "களைத்துப்போனேன், அமீகோ" என்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. என் மனைவி மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வள்ளத்தில் கிளாலிக் கடல் தாண்டி, வவுனியா முகாமில் கிடந்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தவள். அவள் களைத்துப்போனேன் என்று ஒரு தரமும் சொன்னதில்லை. இந்த மனிதர் மலையில் ஏறுவது அதிலிருந்து வழுக்கி இறங்குவதற்கு. இறங்கியதும் திரும்ப ஏறுவதற்குக் கம்பியில் தொங்குகிற கதிரை. வளர்ந்த ஆள் சின்னப் பந்து ஒன்றைத் தடியால் தட்டிவிட்டு, அதன் பின்னால் நாள் முழுக்க நடக்கிறார். பந்து குழிக்குள் விழுந்தால் கை தட்டுகிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசம் அந்த மீன். இரண்டு விமானம் மாறி அயர்லாந்துக்குப் போய், ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மீனைப் பிடித்து, படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். நான் சைவக்காரன், மீன் தின்பதில்லை. ஆனால் பசிக்குப் பிடிக்கிறவனை எனக்கு விளங்கும். வாயைக் கிழித்துவிட்டுப் போ என்று அனுப்புகிறவனை விளங்காது.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து ஊரில் உள்ள சிநேகிதர்களுக்கு அனுப்புவார். நான் ஸ்திரிக்கைப் பெட்டி பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கும் வாசித்துக் காட்டுவார். எங்கள் பேச்சு அரைவாசி இத்தாலியன், கால்வாசி இங்கிலீஷ், மிச்சம் கையும் முகமும். "அந்தக் காற்று இருக்கிறதே, அமீகோ, அந்த அமைதி!" என்பார். நான் "ஓம் சிஞ்ஞோரே" என்று சொல்லிவிட்டு அவருடைய காற்சட்டையை மடிப்பேன்.

என்னுடைய காரியம் ஒன்று அவர் கையில் இருந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்குக் குவெஸ்தூராவில், அதாவது வெளிநாட்டவரின் வதிவிட அனுமதி பார்க்கிற பொலிஸ் கந்தோரில், ஒரு கடுதாசி கேட்டார்கள். இந்த வீட்டில் இந்த அறையில் என் குடும்பம் இருக்கலாம் என்று வீட்டை வைத்திருப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று தரம் நீட்டினேன். மூன்று தரமும் அவர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான். ஆனால் என் பனிப்பலகைகள் எங்கே போகும்? திரும்பி வந்து யோசிப்போம்" என்றார். திரும்பி வருவார். அடுத்த பயணத்துக்குப் பை கட்டுவார்.

மனைவி கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். வடக்கிலிருந்து வந்த தமிழர் பொலிஸ் பதிவை மாதா மாதம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போகிற ஒவ்வொரு தரமும் திரும்பி வருவாளோ என்று பயப்படுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வியா மக்வேதா தெருவில் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து கதைப்பேன்.

"கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"இல்லை. மீன் பிடிக்கப் போட்டார்."

"கடலுக்கோ?"

"ஆத்துக்கு. பிடிச்சுப்போட்டுத் திரும்ப விடுறவர்."

"அப்ப ஏன் போறவர்?" என்றாள்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை ஒரு புதன்கிழமை வந்தது. வியாழன் விசயதசமி. வெள்ளி காலை எனக்குக் குவெஸ்தூராவில் தவணை. அது தவறினால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். அமெரிக்கர் அயர்லாந்தில் இருந்தார். வியாழன் வருகிறேன், வந்து கையெழுத்தைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பூசைக்கு முதல் நாள் கபோச் சந்தையில் பூவும் ஒரு காய்ந்த தேங்காயும் வாங்கினேன். மாவிலை இல்லாததற்கு முற்றத்து எலுமிச்சையில் இலை பறித்தேன். புதன் பின்னேரம் கும்பம் வைத்து, சரஸ்வதி அம்மாளின் படத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டி விரித்து, என்னுடைய ஆயுதங்களை வைத்தேன். வீடு கூட்டுகிற தும்புத்தடி, ஸ்திரிக்கைப் பெட்டி, சமையல் கத்தி, என் இத்தாலியன் பாடப் புத்தகம், பேனை. அந்தக் கையெழுத்துக் கடுதாசியையும் படத்துக்குக் கீழே வைத்தேன்.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. பூசை நடந்ததும் நான் படுக்கிறதும் அந்தச் சாமான் அறைதான். சுற்றிவர இத்தனை இரும்பு நிற்கும்போது அதற்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட மனம் வரவில்லை. அவற்றைத் துடைத்து எண்ணெய் பூசி மெழுகு தேய்ப்பதற்கும்தானே எனக்குச் சம்பளம். அதனால் கோல்ஃப் மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வேட்டியில் கிடத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலைப் பூசை முடியுமட்டும் எடுக்கக் கூடாது. படிக்கிற பிள்ளை புத்தகத்தைத் தொடாது. தச்சன் உளியைத் தொடமாட்டான். அது எனக்குத் தெரியாததல்ல. அவர்தான் இல்லையே என்று நினைத்தேன்.

கீழ் மாடியில் ஒரு கிழவி சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டிருந்த மன்னார்க்காரர் அவல் கடலை தின்ன மேலே வந்திருந்தார். கத்தோலிக்க வேதக்காரர். நான் விரதம் பிடிக்கிறவன் என்பதால் என்னை ஐயரே என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன ஐயரே, வெள்ளைக்காரன்ரை தடியளுக்கும் பொட்டோ? உதுகள் என்ன படிச்சுப் பாஸ் பண்ணப்போகுதுகளோ?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசல் மணி அடித்தது. அமெரிக்கர். அயர்லாந்தில் ஒரே மழையாம், ஆறு பெருகிவிட்டதாம், மீன் கிடையாதாம். ஒரு நாள் முந்தி வந்துவிட்டார். படியேறும்போதே சொன்னார், விடியக் காலை போர்த்துக்கலுக்கு விமானம், சிநேகிதர்கள் காத்திருக்கிறார்கள், பத்து நாள். கோல்ஃப் பையைக் கட்டு.

கடுதாசியின் நினைப்பே அவருக்கு இல்லை.

அறை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். விளக்கு, சாம்பிராணிப் புகை, சந்தனப் பொட்டோடு வரிசையாகப் படுத்திருக்கிற தம் மட்டைகள்.

"இது என்ன?"

"பூசை, சிஞ்ஞோரே."

"என் மட்டைகளுக்கா?"

"ஓம்."

கோபித்திருந்தால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும். கோபிக்கவில்லை. பொம்மைக் கடை கண்ட பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து, ஓடிப்போய்க் கமராவை எடுத்து வந்தார். நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார். பிறகு, "அற்புதம். சரி, இனிப் பையில் போடு" என்றார்.

"ஏலாது, சிஞ்ஞோரே. நாளைக் காலைப் பூசை முடிந்துதான் தொடலாம்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு."

"எனக்கு ஆறரைக்கு விமானம்!"

அதுவரைக்கும் நான் சொன்னது சத்தியம். அப்போது படத்துக்குக் கீழே இருந்த கடுதாசி கண்ணில் பட்டது. நாக்கு தன்பாட்டில் எழும்பியது.

"ஒரு வழி இருக்கிறது. இந்தப் பூசையில் ஒரு கடுதாசி வைத்திருக்கிறது. வீட்டுத் தலைவர் அதில் கையெழுத்து வைத்தால் பூசை நிறைவு. பிறகு தொடலாம்."

மன்னார்க்காரருக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும். கடலை புரைக்கேறி இருமினார். தமிழில், "ஐயரே, உது எந்தப் புராணத்திலை கிடக்கு?" என்றார்.

"வாயைப் பொத்திக்கொண்டு கடலையைத் தின்னும்."

அமெரிக்கர் என்னைப் பார்த்தார். "சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா?" என்று கேட்டார்.

கழற்றச் சொன்னேன். காலுறையையும் கழற்றினார். ரப்பர் சப்பாத்துக்குள் ஊறி வெளிறிய பாதங்கள். முழங்காலில் இருந்து, சந்தனம் பட்ட பேனையை எடுத்து, ஒரு வரியும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். பலகைகள் எங்கே போகும் என்று கேட்கவில்லை. நான் மூன்று தரம் மனிதனாய் நின்று கேட்டதற்குத் தராத கையெழுத்தை ஒரு கூத்துக்குத் தந்துவிட்டார்.

பூசை நாளில், பூசை முடிய முன்னம், மட்டைகளை என் கையாலேயே எடுத்துப் பையில் போட்டேன். பொட்டைத் துடைக்கப் போனேன். இருக்கட்டும் என்றார்.

படியில் இறங்கும்போது மன்னார்க்காரர் சொன்னார்: "உங்கடை அம்மாளுக்கு விசா எடுக்கவும் தெரியுமெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். மனசு குத்தினாச் சொல்லும், எங்கடை சுவாமியாரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். அவர் எல்லாப் பொய்யையும் கேக்கிறவர்."

மனசு குத்தவில்லை. வெள்ளிக்கிழமை கடுதாசியை ஏற்றுக்கொண்டார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் போர்த்துக்கலிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார். நாலு சிநேகிதர்களுக்குள் வென்றதாம். பொட்டுத்தான் காரணமாம். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் பூசை கேட்டார். பனிப்பலகைக்குப் பூசை. சைக்கிளுக்குப் பூசை. என் விரத வெள்ளியில் தூண்டில் முள்ளுக்குப் பூசை. என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அறையைப் பார்க்கப் பொலிஸ் வரும், அப்போது அவர் தலையாட்ட வேண்டும்.

மந்திரம் சொல்லவும் கேட்டார். உண்மையான பாட்டை அந்தத் தடிகளுக்குப் பாட என் வாய் வரவில்லை. காங்கேசன்துறையிலிருந்து ரயில் நிற்கிற இடங்களை முணுமுணுத்தேன். மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில். அவர் கண்ணை மூடிக் கை கூப்பி நிற்பார். யாழ்ப்பாணம் வந்ததும் நான் நிறுத்துவேன். இவ்வளவு படித்து, இவ்வளவு ஊர் சுற்றி, ஸ்டேஷனுக்கும் சாமிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொள்வேன். அந்த எட்டு மாதமும் எனக்கு அது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது.

விசா வந்தது. அவர்கள் வருவதற்கு முதல் கிழமை, பலகைகளையும் மற்றதுகளையும் எங்கே வைப்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நடையில் வையேன்" என்றார். அறைக்கு வெளியே அந்த நடை எப்போதும் வெறுமையாகத்தான் கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் என் மனைவியும் பிள்ளையும் லொட்ஜில் கிடந்தது இந்த மனிதர் திரும்பி நடையைப் பார்க்காததால்தான்.

அவர்கள் வந்து மூன்றாம் நாள் பின்னேரம், மகள் கட்டிலில் நித்திரை. அமெரிக்கர் ஒரு தூண்டிலோடு அறை வாசலுக்கு வந்தார்.

"நாளைக்கு அயர்லாந்து" என்றார்.

எனக்கு இனி அவருடைய கையெழுத்து ஒன்றும் தேவையில்லை. "இனி இல்லை, சிஞ்ஞோரே. அது முடிந்துவிட்டது" என்றேன்.

"முடிந்ததா? ஏன்?"

நான் மகளின் போர்வையைச் சரிசெய்தேன். அவர் போகவில்லை.

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள். முழுவதையும் சொன்னேன். கையெழுத்து, கிண்ணம், ஸ்டேஷன்கள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு என்னுடைய காலைப் பார்த்தாள்.

"அந்தாள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டெல்லோ நிக்குது. நீங்கள் செருப்போடை நிண்டோ ஸ்டேஷன் சொன்னனீங்கள்?"

"அவருக்கு என்ன தெரியும்?"

"அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே. தள்ளுங்கோ."

கை கழுவிவிட்டு வந்து, தூண்டிலை வாங்கி அம்மாளின் படத்துக்கு முன்னால் வைத்தாள். சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாடுகிற சரஸ்வதி பாட்டை, பிள்ளை எழும்பாமல் மெல்லிய குரலில், முழுவதும் பாடினாள். அவர் கண்ணை மூடி நின்றார். தூண்டிலைத் திருப்பி வாங்கும்போது, "இன்றைக்கு வேறு மாதிரி இருந்தது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னார். வெறுங்காலோடு நடையில் போனார்.

அந்த முறையும் பிடித்த மீனையெல்லாம் ஆற்றிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார். அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்திருந்தது எதுவும் மாறவில்லை.

அவர் போனதும் மனைவி விளக்கைத் தூண்டிவிட்டு, திரும்பிப் பாராமல் கேட்டாள்:

"ரயில் யாழ்ப்பாணம் வந்திட்டுதோ? வந்திட்டுதெண்டா இறங்கி வந்து கும்பிடுங்கோ."

நான் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தேன்.