எண்ணெய்க் கையில் பீடி

எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலில் ரெண்டு கையும் வாடிக்கைக்காரருக்குப் போய்விடும். சொந்த மூக்கு அரித்தால்கூட அடுத்தவனைத்தான் கூப்பிடணும்.

யுத்தத்துக்கு முந்தின ஒரு சீசன். குற்றாலத்தில் சாரல் விழுந்து, வில்வண்டிகளில் கூட்டம் வந்து இறங்கிவிட்டால் எனக்கும் கூட்டாளி மாடசாமிக்கும் விடிந்ததிலிருந்து எண்ணெய்க் கைதான். அந்தக் கையால் உரசினால் தீக்குச்சி பத்தாது. அதனால் ஆள் இல்லாமல் கை காய்ந்து நிற்கிறவன் பீடியைப் பத்த வைத்து மற்றவன் வாயில் வைப்பான். அப்படியே ரெண்டு பேர் நெஞ்சும் கெட்டது. ஒரு முதுகை முடிக்குமுன் எனக்கு மூச்சு விசிலடிக்கும். இளைக்கிறவனிடம் யார் முதுகைக் கொடுப்பார்? தென்காசி வைத்தியர், "பீடியா, பிழைப்பா? ஒண்ணைச் சொல்லு" என்றுவிட்டார். இனி ஒருத்தனுக்கு ஒருத்தன் பத்த வைப்பதில்லை என்று அருவிக்கரையில் சத்தியம் செய்தோம். பீடியை விட்டுப் பார்த்த உங்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

முதல் முதுகு

புளியங்குடி எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைக்காரர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். எனக்கோ நாக்கு நமநம என்றது. அந்த ஆத்திரமெல்லாம் விரலில் இறங்கிவிட்டது போல. அவர் தலையைத் தூக்கி என்ன சங்கதி என்று கேட்டார். பீடியை விட்ட கதையைச் சொன்னேன். அவர் சொன்னார்: "நல்ல காரியம்தான் வே. அதுக்கு என் முதுகெலும்பு என்ன பாவம் செஞ்சுது?"

ஆச்சி கடை

ஒரு மத்தியானம் தாங்கவே முடியவில்லை. மாடசாமி ஒரு வழுக்கைத் தலையில் மும்முரமாக இருந்தான். நைசாகப் பழக்கடை ஆச்சியிடம் போனேன். "ஆச்சி, மடியில பீடி இருக்கு. ஒண்ணை எடுத்துப் பத்த வச்சு வாயில வையேன்" என்றேன்.

வாயிலிருந்த புகையிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு ஆச்சி சொன்னாள்: "போலே! உனக்குப் பத்த வச்சா, கடைக்கு ஒரு ஆளையும் அனுப்ப மாட்டேன்னு மாடசாமி சொல்லிருக்கான். உன் நெஞ்சு எக்கேடும் கெடட்டும், என் யாவாரம் கெடக்கூடாதுலா!"

சீயக்காய் வாசம்

மாடசாமி மட்டும் என்ன யோக்கியன்? ஒருநாள் காலைக் கூட்டம் கலையுமுன்னே அவன் பக்கமிருந்து சீயக்காய் மணந்தது. எங்கள் தொழிலில் நடுவேலையில் ஒருத்தன் சீயக்காய் போட்டுக் கை கழுவினால், ஒன்று சோற்றுக்கு, இல்லையென்றால் தீப்பெட்டிக்கு. அது சோற்றுவேளை இல்லை. பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பீடி வாயில், குச்சி கையில்.

"ஏலே, என்னலே இது?"

"ஒண்ணே ஒண்ணுலே. இல்லேன்னா செத்துருவேன்லே."

முகத்தைப் பார்த்தால் பொய்யில்லை. வாயால் சொன்னால் கேட்கிற நிலையிலும் அவன் இல்லை. என் எண்ணெய்க் கையால் அவன் ரெண்டு கையையும் பிடித்து முழங்கை வரை எண்ணெயைத் தடவிவிட்டேன். குச்சி வழுக்கி விழுந்தது. அடிக்கத்தான் போகிறான் என்று நின்றேன். அவன் பாறையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "தேய்க்கதுதான் தேய்க்க, அப்படியே தோளையும் தேய்ச்சு விடுலே."

அன்றிலிருந்து நாக்கு நமநமத்தவன் உட்காருவான், மற்றவன் தேய்ப்பான். சாரல் ஓயும்போது ரெண்டு பேருக்கும் மூச்சு சீராகியிருந்தது, ஆனால் அந்த சீசனில் எங்களிடம் அதிகமாக எண்ணெய் தேய்த்துக்கொண்ட வாடிக்கைக்காரர்கள் நாங்களேதான்.