ரஸ்க்குத் துண்டில் ஒரு நாடு

மெட்ராஸ் பஸ் இன்னும் வரவில்லை. புதுச்சேரி பஸ் நிலையத்து டீக்கடையில் முதுகுவலியோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிர் பெஞ்சில் இரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் பிரெஞ்சில் வாக்குவாதம் செய்கிறார்கள். மேசையில் நான்கு காலி கிளாஸ்கள் வட்டமாக இருக்கின்றன. நடுவில் ஒரு ரஸ்க்குத் துண்டு. உலக விவகாரம் கேட்கிற தெம்பு எனக்கில்லை. ஆனாலும் என்ன சண்டை என்று கடைக்காரர் அந்துவானிடம் கேட்கிறேன். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்.

"அர்மீனியாக்காரப் பசங்க சார், வளந்தது பிரான்சுல. இந்த கிளாசு ரஷ்யா, அது துருக்கி, அது ஈரான், அந்தாண்ட அமெரிக்கா. ரஸ்க்கு இவங்க நாடு. ரஷ்யா கைய உட்டா துருக்கி முழுங்கிடும்ங்கறான் தாடிக்காரன். இப்ப மட்டும் யார் வயித்துல கெடக்கறோம்னு கேக்கறான் மத்தவன்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் என்னாத்த நெனைக்கறது? பிரான்ஸ்காரன் போனப்ப, அவன் நாடுதான் வேணும்னா ஆறு மாசத்துல எழுதிக் குடுன்னாங்க. தம்பி குடுத்தான், நான் குடுக்கல. ஒரே வீட்டுல அவன் பிரெஞ்சு, நான் இந்தியன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. கடையில் இருப்பதே ஏழெட்டு கிளாஸ்தான். அந்துவான் போய், "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டு, நான்கு நாடுகளையும் ஒரே கையில் அள்ளி வாளித் தண்ணீரில் முக்குகிறார். மேசையில் ரஸ்க்கு மட்டும் மிஞ்சுகிறது. இருவரும் அதையே பார்க்கிறார்கள்.

பஸ் வருகிறது. எல்லோரும் இடம் பிடிக்க ஓடுகிறோம். தாடிக்காரன் மட்டும் நின்று, அந்த ரஸ்க்கைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறான்.