நிற்காத பஸ்ஸும் ஒரு மஞ்சள் கட்டையும்

நான் முதன்முதலாகச் செய்த அசையும் படத்தில் ஒரு பஸ் ஓடியது. திரையின் இடது ஓரத்தில் தோன்றும், வலது ஓரத்தில் மறையும், மறுபடி இடது ஓரத்தில் தோன்றும். நடுவில் பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள். அந்த பஸ்ஸை அவர்கள் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் ஏழாம் வகுப்பில் எனக்கு இருந்த ஒரே லட்சியம்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. ஊர்ப் பள்ளியில் பத்தாவது வரைதான். அந்த வருடம் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. ரோட்டைப் பார்த்த அறையைக் காலி செய்து அவற்றை வைத்தார்கள். வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று, ஆண்டு விழா மேடைக்கு வாங்கிய சிவப்புத் துணியை ஜன்னலில் தொங்கவிட்டார்கள். துணியை விலக்கினால் நேர் எதிரே பஸ் ஸ்டாப்.

அறிவியல் டீச்சர் ஒரு மென்பொருளைத் திறந்து காட்டினார். அதில் எழுத்து எதுவும் அடிக்க வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகள் ஓரமாக அடுக்கியிருக்கும். வேண்டியதை மவுஸால் இழுத்து வந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால், அந்த வரிசைப்படி படம் அசையும். நீலக் கட்டை நகர்த்தும். மஞ்சள் கட்டை யோசிக்கும்: இது நடந்தால் அதைச் செய், நடக்காவிட்டால் விட்டுவிடு. டீச்சருக்கும் அதற்குமேல் தெரியாது. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை. "எனக்கும் புதுசுதான். நோண்டிப் பாருங்க, ஒண்ணும் வெடிச்சிடாது" என்றார். பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு படம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. மற்றவர்கள் மீன், ராக்கெட், பட்டாம்பூச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பஸ்ஸை எடுத்ததற்குக் காரணம் அக்கா.

அக்கா அப்போது திண்டிவனத்தில் பதினொன்றாவது படித்தாள். அவள் பள்ளி நேரத்துக்குத் தோதாக எங்கள் ஊர் வழியே போவது ஒரே ஒரு பஸ்தான். அதற்கு அவளைப்போல இலவச பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு பட்டாளமே காத்திருக்கும். கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்துவிடும் டிரைவர் ஸ்டாப்பில் நிறுத்த மாட்டார். இறங்குகிறவர்கள் இருந்தால் ஸ்டாப்பைத் தாண்டி மதகு அருகே வேகத்தைக் குறைப்பார். அவர்கள் கால் தரையில் படும்போதே கிளம்பிவிடுவார்.

பிள்ளைகள் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பாதிப் பேர் ஸ்டாப்பில் நிற்பார்கள், பாதிப் பேர் மதகில். ஸ்டாப்பில் நிற்பவர்கள் டிரைவர் பார்ப்பதற்காக. மதகில் நிற்பவர்கள் ஏறுவதற்காக. யாருமே ஸ்டாப்பில் இல்லாவிட்டால் டிரைவர் சந்தேகப்பட்டு மதகையும் தாண்டிப் போய்விடுவார். அதனால் நாள் மாற்றி நாள் இடம் மாறிக்கொள்வார்கள். ஸ்டாப் முறை வந்தவர்கள், பஸ் தாண்டியதும் புத்தகப் பையோடு மதகு வரை ஓட வேண்டும். முன்பே ஏறிவிட்டவர்கள் படியில் நின்று தகரத்தைத் தட்டி, "இன்னும் எறங்குறாங்க, எறங்குறாங்க" என்று பொய்யாகக் கத்தி, அவர்களுக்காக நேரம் சம்பாதித்துக் கொடுப்பார்கள். அக்கா நன்றாக ஓடுவாள். சிவப்புத் துணியை விலக்கி நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

முந்தைய வருடம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அப்படி ஓடி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரிப்பதற்குள் அவள் படிப்பை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று, அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நம்ம புள்ள அப்டி ரோட்ல ஓடுதுன்னு எவனாச்சும் எங்கிட்ட வந்து சொல்லட்டும், அன்னியோட ஸ்கூலு வாணாம். கையி காலு நல்லா இருந்தாப் போதும் எனக்கு." அப்பா கல் குவாரியில் லாரி ஓட்டினார். ரோட்டில் என்னென்ன நடக்கும் என்று பார்த்தவர். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கோபமாக இருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

அப்பா விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்ததும் அக்காவிடம் கேட்பார், "பஸ்ஸு வந்துச்சா?"

"டான்னு வந்துச்சிப்பா. சீட்டே கெடச்சிது, குந்திக்கினு போனேன்" என்பாள் அக்கா.

நான் வாயைத் திறப்பதில்லை. அம்மா கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கக் காலையிலேயே போய்விடுவதால் எனக்குத் தலை பின்னிவிடுவது அக்காதான். "வூட்ல ஒரு வார்த்த சொன்னீன்னு வெய்யி, தலைய விரிச்சிப் போட்டுக்கினு பேய் மாதிரிதான் ஸ்கூலுக்குப் போவ" என்று அவள் முன்பே எச்சரித்திருந்தாள்.

ஆகவே என் படத்திலாவது பஸ் நிற்கட்டும் என்று நினைத்தேன். மலையை வரைந்தேன், கவிழ்த்த சட்டிபோல் வந்தது. பிள்ளைகளை வரைந்தேன், ஒருத்திக்கு மட்டும் ரெட்டைப் பின்னலும் ரிப்பனும் வைத்தேன். பஸ்ஸை ஓட வைப்பது எளிதாக இருந்தது. நிறுத்துவதுதான் முடியவில்லை. "பிள்ளைகளைத் தொட்டால் நில்" என்ற மஞ்சள் கட்டையைப் பொருத்தியும், பஸ் அவர்கள் மேலேயே ஏறிப் போனது. பல நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. கட்டையை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். அதனால் பஸ் கிளம்புகிற இடத்தில் ஒரே ஒரு முறை எதிரே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது. அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு அது பார்க்கவே இல்லை.

கட்டையை உள்ளே இறக்கி, ஒவ்வொரு அடிக்கும் பார்க்கும்படி செய்தேன். இப்போது பஸ் நின்றது. ஆனால் கிளம்ப மறுத்தது. நின்ற இடத்தில் பிள்ளைகளைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், ஓர் அடி நகர்ந்ததும் மறுபடி நின்றது. கடைசியில், பஸ் நின்றதும் பிள்ளைகளை மறைந்துபோகச் சொல்லும் ஒரு கட்டையைச் சேர்த்தேன். பஸ் வந்தது, நின்றது, பிள்ளைகள் மறைந்தார்கள், பஸ் கிளம்பியது. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். டீச்சரை அழைத்துக் காட்டினேன். "அடேங்கப்பா" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை நடந்தது. அக்காவுக்கு விடுமுறை என்பதால் என்னுடன் வந்தாள். வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை என்பதால், பள்ளியின் பழைய மாணவர் ஒருவரை அவசரமாகப் பிடித்திருந்தார்கள். அவர் எங்கோ ஒரு பஸ் டெப்போவில் மேற்பார்வையாளர். வாசல் கரும்பலகையில் பழைய பெயரை அழித்துவிட்டு அவர் பெயரையும் வேலையையும் எழுதியிருந்தார்கள். அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கூட்டிப் போனேன்.

என் படத்தை அவளுக்கு ஓட்டிக் காட்டினேன். பஸ் வந்தது, நின்றது, ஏற்றிக்கொண்டு போனது.

"இது எந்தூரு பஸ்ஸுடி?" என்றாள்.

"நம்மூருதான். ரிப்பனு கட்டிக்கினு நிக்கிறது நீ."

"நானா? நல்லாத்தான் குண்டா வரஞ்சிருக்க." திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிக்கச் சொல்றது எது?"

அவளுக்கு என் கலையில் இவ்வளவு ஆர்வமா என்று பெருமையாக இருந்தது. மஞ்சள் கட்டையைத் தொட்டுக் காட்டினேன். அவள் மவுஸை வாங்கினாள். கட்டையை இழுத்து வெளியே எடுத்து, ஒரு மூலையில் போட்டாள்.

"ஐய, இன்னாக்கா பண்ற!"

"நிக்க வாணாம். சும்மா இரு."

"குட்றீ மவுஸ!"

"சொல்றன் இல்ல, சும்மா கெட."

நான் மவுஸைப் பிடுங்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் டீச்சர் விருந்தினரை அழைத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிட்டார். மீன் நீந்தியது, ராக்கெட் பறந்தது. எங்கள் மேஜைக்கு வந்ததும் டீச்சரே பொத்தானை அழுத்தினார்.

பஸ் வந்தது. பிள்ளைகள் மேல் ஏறிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. முதலில் சிரித்தது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். "டேய், மதகாண்ட ஸ்லோ பண்ணுவான், ஜல்தி ஓடுங்கடா!" என்று கத்தினான். சின்னப் பையன்கள் மேஜையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஓடினார்கள். ஒருவன் மேஜைத் தகரத்தைத் தட்டி, "எறங்குறாங்க, எறங்குறாங்க!" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. நான் அழ ஆரம்பித்தேன்.

விருந்தினர் சிரிக்கவில்லை. குனிந்து, பஸ் இன்னொரு முறை போவதைப் பார்த்தார்.

"பஸ்ஸு நிக்கவே நிக்காதாம்மா?"

"நிக்கும் சார். நிக்கிற மாதிரிதான் சார் செஞ்சேன். இப்பதான் நிக்க மாட்டேங்குது."

"எனக்கும் அதே பேஜாருதாம்மா" என்றார் அவர். மறுபடி சிரிப்பு எழுந்து அடங்கியது. "இது எந்த ஸ்டாப்பு?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிவப்புத் துணியை விலக்கினேன். அவர் ஜன்னலோரம் வந்து நின்றார். "மதகு எது?" என்று கேட்டார். பையன்கள் காட்டினார்கள். ஸ்டாப்பையும் மதகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, பின்னால் நின்ற பெரிய பிள்ளைகளைப் பார்த்து, "தெனம் இப்டித்தானா?" என்றார். அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு செஞ்சது?"

அக்கா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "இவதான் சார். எல்லாமே இவதான்." என் வாய் திறந்தபோது அவள் விரல்கள் தோளை அழுத்திக் கிள்ளின.

எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஓர் எவர்சில்வர் டப்பா. நான் செய்யாத படத்துக்குக் கிடைத்த பரிசு என்று அதில் ஒரு வாரம் எதையும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, சட்டைப் பையில் பேனா குத்திய ஒருவர் எங்கள் ஸ்டாப்பில் நின்றிருந்தார். பஸ் வந்தது, ஸ்டாப்பிலேயே நின்றது. மதகில் நின்றவர்கள் இந்தப் பக்கமாகத் திரும்பி ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகு தினமும் தவறாமல் நின்றது என்று எழுதினால் அது பொய். ஆனால் பெரும்பாலும் நின்றது. அக்கா பிளஸ் டூ முடித்தாள், நர்சிங் படித்தாள். இப்போது முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள்.

ஆனால் எனக்கு அதிகமாக ஞாபகம் இருப்பது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான். அப்பா கண்காட்சி முடிகிற நேரத்துக்கு, சட்டையெல்லாம் கல் தூசியோடு வந்து சேர்ந்தார். டீக்கடையில் யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம்.

"இன்னாம்மா, உன் பஸ்ஸு நிக்காமப் பூட்ச்சாமே? கடையில ஒரே சிரிப்பு" என்றார் என்னிடம். கொஞ்ச தூரம் போனதும், அக்காவின் பக்கம் திரும்பினார். இப்போது குரல் வேறாக இருந்தது. "ஏம்மா, நெசமாவே அது நிக்கிறதில்லியா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "அது நல்லாத்தாம்பா நின்னுச்சி! டீச்சரே பாத்தாங்க! இவதான் கட்டையப் புடுங்கிப் போட்டு ஓட வுட்டா! பொறாமப்பா இவளுக்கு!"

அப்பா நடப்பதை நிறுத்தினார். எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போனது. பிறகு அக்காவைத் திட்ட ஆரம்பித்தார். "ஏண்டி, அவ்ளோ பெரிய பொண்ணு, சின்னப்புள்ள ஆசையாச் செஞ்சத இப்டியா கெடுப்ப? அறிவு வாணாம்?" வீடு தெரிகிற வரைக்கும் திட்டினார்.

"தப்புதாம்பா" என்றாள் அக்கா, தலையைக் குனிந்துகொண்டு.

நான் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தேன். திட்டு வாங்குகிறவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கண்ணும் கலங்கியிருந்தது. என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, என்னை இடுப்போடு சேர்த்து இறுக்கினாள். அன்றைக்கு அவளுக்கு, பஸ் நிற்காது என்று டெப்போக்காரரிடம் ஒரு பதிலும், நிற்கும் என்று அப்பாவிடம் நேரெதிரான ஒரு பதிலும் தேவைப்பட்டன என்பதும், இரண்டையும் நானே சொல்லி முடித்துவிட்டேன் என்பதும் எனக்குத் தெரியாது. எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்ற நிறைவோடு, அவள் கையைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தேன்.