வளையத்தில் நாலு விரல் ஆட்டம்

ஆரியங்கோட்டில் செல்லபாயைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். பாறையில் நட்டாலும் அவள் ஏத்தன் வாழையைக் குலை தள்ள வைத்துவிடுவாள் என்பது ஒன்று. அவள் பாடினால் சர்ச்சில் மைக் வேண்டாம் என்பது இன்னொன்று. கொஞ்ச நாள் மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிச் சிரித்தார்கள், அவள் பிக்கப் ஓட்டின கதையை. சிரித்தவர்கள் எல்லாம் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். ஆகவே அதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

செல்லபாயும் பக்கத்து வீட்டு லிஷாவும் ரப்பர் மரங்களை முறித்துப்போட்ட ஒரு நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து வாழை போட்டிருந்தார்கள். குலைகளைக் களியக்காவிளைச் சந்தைக்குக் கொண்டுபோவது செல்லபாயின் கணவன் ஈசாக்கின் பெரிய பிக்கப். வண்டி நல்ல வண்டி, ஈசாக்கும் நல்ல மனுஷன். ஆனால் வழியில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அவன் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். வழி நெடுக அவனுக்குத் தெரிந்த முகங்கள்தான். சந்தை சூடாக இருக்கும் நேரத்தில் குலைகள் ஏதாவது டீக்கடை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஓணச் சந்தையாவது கை நழுவிப் போகக் கூடாது என்று செல்லபாய் சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். கடைசியில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்து, முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ ஓட்டிப் படிச்சது காரு. இது பிக்கப்பாக்கும்," என்றான் ஈசாக்.

"சாவியத் தாருங்கோ. ஓட்டிக் காட்டுதேன்."

"செரி. இங்கயிருந்து சந்தை வர நேராட்டு ஓட்டு பாப்பம். ஓட்டினா ஓணத்துக்கு வளையம் ஒனக்கு."

ஸ்டியரிங்கை அந்தப் பக்கத்தில் வளையம் என்றுதான் சொல்வார்கள். அதை இன்னொருவர் கையில் கொடுப்பது ஈசாக்குக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல.

செல்லபாய் ஜெபித்துவிட்டு ஏறினாள். வண்டி கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கியது. வலது பக்கம் லேசாகத் திருப்பினாள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்பினாள், வண்டி ஒரே தாவாக வலது ஓரத்துக்குப் போனது. பதறி இந்தப் பக்கம் ஒடித்தால் அது அந்தக் கோபத்தையும் சேர்த்து இடது பக்கம் வந்தது. எதிரே வந்த ஆட்டோக்காரன் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி, "சேச்சீ, ரோடு அளக்குவாணோ?" என்று, ரோட்டை அளக்கிறவளைப் பார்த்ததுபோல மலையாளத்தில் கேட்டான். ஈசாக் இருமல் வரும்வரை சிரித்தான். காரக்கோணம் வந்ததும் இடம் மாறி உட்கார்ந்து அவன் ஓட்டினான். அதே வண்டி அவன் கையில் சாதுவாக நேரே போனது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஊருக்குக் கேட்க வேண்டுமா? சர்ச் முடிந்து இறங்கினால், "செல்லபாய் வாறா, ஓரமாட்டு நில்லுங்கோ," என்றார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். உள்ளே எரிந்தது. அவமானம்கூடப் பரவாயில்லை. தன் கைக்கு இது வராது என்று தானே நம்ப ஆரம்பித்துவிட்டதுதான் அவளைத் தின்றது.

ஓணத்துக்கு முந்தின வாரம் லிஷாவின் தம்பி அகிலேஷ் தன் பிக்கப்பில் சாணியுரம் கொண்டுவந்து தோட்டத்தில் தட்டினான். அதுவும் ஈசாக்கின் வண்டி ஜாதிதான். செல்லபாய் அதையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மக்கா, ஒரு தடவ முக்கு வர ஓட்டீட்டு வரட்டா?"

ஊர்ச் சிரிப்பு அகிலேஷுக்கும் தெரியும். இருந்தாலும் மறுக்க மனம் வராமல் சாவியைக் கொடுத்தான். லிஷா துணிந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முக்குவரை போய்த் திரும்பி வரும்போது லிஷாதான் முதலில் வாய் திறந்தாள்.

"எக்கா, நூல் பிடிச்சது போலல்லா போவுது!"

செல்லபாய் வண்டியை நிறுத்திவிட்டு வளையத்தை ஒரு விரல் அகலம் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒரு விரலுக்கே டயர் அசைந்தது. ஈசாக்கின் வண்டியில் நாலு விரல் அகலம் திருப்பினாலும் அசைவே இருக்காது. அவள் சத்தம் போட்டுச் சிரித்த சிரிப்பில் அகிலேஷ் தன் வண்டிக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தான்.

"கேடு எனக்க கையில இல்ல, லிஷா! அவருக்க வண்டியிலயாக்கும்!"

உடனே ஒர்க்‌ஷாப் சோமனுக்குப் போன் போட்டாள். சோமன் சொன்னான்: "ஜாக்கி வைக்காண்டாம். டயரு தரையிலயே இருக்கட்டும், இஞ்சின் ஓடட்டும். ஒரு ஆளு வளையத்த மெள்ள அங்கயும் இங்கயும் ஆட்டணும், ஒரு ஆளு அடியில கெடந்து பாக்கணும். அசைவு எங்க வந்து நிக்குதோ, அங்கயாக்கும் ஆட்டம். பாத்துச் சொல்லுங்கோ, சாமானோட வாறேன்."

வீட்டு முற்றத்தில் டயர்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டுச் செல்லபாய் புருஷனைக் கூப்பிட்டாள்.

"அடியில கெடங்கோ."

"நானா? வளையத்தில நான் இருக்கேன், நீ கெட."

"நீங்க இருந்தா ஒங்க கை பொய் சொல்லும்."

ஒரு கோமாளித்தனம் பார்த்த மாதிரி இருக்கட்டுமே என்று ஈசாக் சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தான். வாங்கின நாள் முதல் அவன் வண்டிக்கு மேலேயே இருந்தவன். இன்னொருவர் வளையம் பிடிக்க, அடியிலிருந்து அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. செல்லபாய் மெல்ல ஆட்டினாள்.

"என்ன அசையுது?"

"வளையத்துக்க தண்டு கறங்குது."

"ஸ்டியரிங் பாக்ஸ்?"

"பாக்ஸுக்க கையும் அசையுது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன டயரு?"

அடியிலிருந்து, "இன்னொருக்க ஆட்டு," என்று மட்டும் வந்தது. ஆட்டினாள். "இன்னொருக்க." டக் என்று ஒரு சத்தம், திரும்ப ஆட்டினால் இன்னொரு டக்.

"டயரு அசையுதாண்ணு கேட்டேன்!"

"டயரு சும்மா நிக்குது," என்றது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

டயருக்குப் போகும் கம்பியின் முனையில், ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் உருண்டை தேய்ந்துபோயிருந்தது. பாக்ஸிலிருந்து நீளும் இரும்புக் கை தள்ளுகிற தள்ளெல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே கரைந்துவிட்டுத்தான் மிச்சம் கம்பிக்குப் போனது. ஈசாக் விரலை வைத்து, அது துள்ளுவதைத் தொட்டே பார்த்தான்.

நெற்றியில் கிரீஸோடு வெளியே வந்தான். ஒரு மன்னிப்பாவது வரும் என்று செல்லபாய் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். ஈசாக்கின் முகமோ பெருமையில் மின்னியது.

"அப்பம் இந்த வண்டிய இத்தன நாளும் நேராட்டு ஓட்டினது நானாக்கும்! வேற எவனுக்காவது முடியுமா?"

ஸ்பேனரை எடுத்து எறியலாமா என்று நினைத்தவள் சிரித்துவிட்டாள். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, அவன் கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்கிறது. அந்தக் கை ஓயாமல் வளையத்தை ஆட்டிக்கொண்டே இருப்பது அவனுக்கே தெரியாது.

சாயங்காலமே சோமன் வந்து முனையை மாற்றி, டயர்களை நேர் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் ஓட்டம் தனக்குத்தான் என்று ஈசாக் ஏறினான். கை பழக்கப்படி ஆட்டியது. இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வண்டி கீழ்ப்படிந்தது. சர்ச் வாசலில் மூன்று கோழிகள் மதில் ஏறின. வேலியோரம் நின்ற அம்மிணி குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஈசாக் வியர்த்து நிறுத்தினான்.

"சோமன் என்னத்தையோ கேடாக்கீட்டான்."

"ஒண்ணும் ஆக்கல்ல. எறங்குங்கோ."

அவன் இறங்கினான். சந்தைக்குப் போகும் ரோட்டில் பாதி தூரம்வரை அவள் போய்த் திரும்பினாள். வண்டி நேராகவே போய் நேராகவே வந்தது. பக்கத்தில் இருந்தவன் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓணச் சந்தை அன்று விடியும் முன்பே குலைகள் ஏறின. வழியில் நாலு பேர் கைகாட்டினார்கள். செல்லபாய் ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். சந்தையில் குலை எடுக்கும் கருணாகரன் வாயைப் பிளந்தார்.

"ஈசாக்கே, இண்ணு மழதான் பெய்யும். இவ்வளவு நேரத்தோட வந்துட்டியே!"

"நான் வரல்ல. இவ கொண்டுவந்தாளாக்கும்," என்றான் ஈசாக், சந்தை முழுக்கக் கேட்கும்படி.

செல்லபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்காதபடி குலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். எல்லாக் குலையும் இறங்கின பிறகு ஈசாக் வந்து அவள் பக்கத்தில் கொஞ்சம் தயங்கி நின்றான்.

"செல்லீ, நாம எப்பம் திரும்பிப் போவம்?"

இத்தனை வருஷமும் டீக்கடை வாசல்களில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள்தான். செல்லபாய் சாவியை இடுப்பில் செருகினாள்.

"டீ குடிச்சீட்டு வாருங்கோ. நான் வண்டியில இருக்கேன்."